ஈஎஸ்பி போர்ட்ல சிக்னல் இல்லையா? அன்டெனா வாங்க முதல் இதைப் பாருங்கோ

எங்கட வெள்ளவத்தை தொடர்மாடியில மொட்டை மாடிக்கு மேல ரெண்டு கறுப்புத் தண்ணித் தாங்கி இருக்கு. மோட்டரை ஆர் நிப்பாட்டுறது எண்டு வாராவாரம் சண்டை, அதால நான் ஒரு ஈஎஸ்பி32 போர்ட்டும் (வைஃபை உள்ள, நாங்களே கோட் எழுதிப் போடக்கூடிய சின்ன எலக்ட்ரொனிக் போர்ட்) தண்ணி மட்டம் பாக்கிற அல்ட்ராசொனிக் சென்சரும் வாங்கி, தாங்கி நிறைஞ்சா ஃபோனுக்கு மெசேஜ் வாற மாதிரி செய்து விட்டன். தாங்கி காலியா இருக்கேக்க அருமையா வேலை செய்துது. தண்ணி நிறைய நிறைய போர்ட் வைஃபைல இருந்து காணாமப் போயிடும். அதாவது "நிறைஞ்சிட்டுது" எண்டு சொல்லவேண்டிய அந்த நேரம் பாத்து ஆள் வாய் திறக்கமாட்டார். தண்ணி வழிஞ்சு நாலாம் மாடி அன்ரி காயப்போட்ட உடுப்பெல்லாம் நனைஞ்சு, எனக்கு நல்ல அர்ச்சனை.

நான் என்ன செய்தன், நேரா புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவுக்குப் போய் "பெரிய அன்டெனா ஒண்டு தாங்கோ" எண்டன். கடையில இருந்த நானா என்ர போர்ட்டைத் திருப்பித் திருப்பிப் பாத்துட்டு "தம்பி, இதில அன்டெனா மாட்ட இடமே இல்லையே" எண்டார். அதுக்குப் பிறகு ரெண்டு கிழமை நான் பட்டது எல்லாத்தையும் அறிகுறி அறிகுறியா பிரிச்சு எழுதுறன், உங்கட பிரச்சினை எதோட ஒத்துப்போகுதோ அங்க போய்ப் பாருங்கோ.

எதுக்கும் முதல், நம்பர் எடுங்கோ

"ஃபோன்ல நாலு கட்டை காட்டுது, போர்ட்ல இல்லை" எண்டு சொல்றது அளவில்லை, ஃபோன்ர அன்டெனா வேற, போர்ட்ர அன்டெனா வேற. ஆர்எஸ்எஸ்ஐ எண்ட நம்பரை, அதாவது வாற சிக்னல் எவ்வளவு பலம் எண்டதை, போர்ட்டே சொல்லும், அதை ஒவ்வொரு செக்கனும் சீரியல் மொனிட்டர்ல (போர்ட் அனுப்புற எழுத்தைக் கம்ப்யூட்டர்ல காட்டுற ஜன்னல்) பிரிண்ட் பண்ண விட்டு ஒரு 30 தரம் எடுத்து சராசரி பாருங்கோ, ஏனெண்டா ஒரு தரம் பாத்தா சும்மா நிண்டபடி 5, 6 டிபி மேல கீழ ஆடும். இது டிபிஎம் அளவில மைனஸ் நம்பராத்தான் வரும், பூச்சியத்துக்குக் கிட்ட வர வர நல்லம். மைனஸ் 67 டிபிஎம் வரைக்கும் கவலை இல்லை, மைனஸ் 75 தாண்டினா இடைக்கிடை விட்டுப்போகும், மைனஸ் 85 எண்டா கடவுள் விட்ட வழி. 3 டிபி குறைஞ்சா சக்தி அரைவாசி. 6 டிபி கூட்ட முடிஞ்சா திறந்த வெளியில தூரம் ரெட்டிப்பாகும், ஆனா எங்கட கொங்கிரீட் கட்டடங்களுக்குள்ள அந்தக் கணக்கு அப்பிடியே சரிவராது.

ஒரு மாற்றம் செய்தா ஒருக்கா அளக்கோணும். நான் மூண்டு மாற்றத்தை ஒரே நாள்ல செய்துட்டு எது வேலை செய்தது எண்டு தெரியாம முழிச்சன்.

"வெளி அன்டெனா மாட்டினன், ஒரு வித்தியாசமும் இல்லை"

இதுதான் ஆக்கள் அதிகம் மாட்டுப்படுற இடம், நானும் இதிலதான் மாட்டுப்பட்டன்.

முதல்ல உங்கட மொடியூல், அதாவது போர்ட்ல சிப் இருக்கிற அந்தக் கட்டி, எந்த வகை எண்டு பாருங்கோ. ஈஎஸ்பி32-வ்ரூம்-32 எண்டா போர்ட்டிலேயே வளைஞ்சு வளைஞ்சு போற செப்புக் கோடு இருக்கே, அதுதான் அன்டெனா, வேற ஒண்டும் மாட்ட ஏலாது. அதே பேருக்குப் பின்னால யூ எண்டு ஒரு எழுத்து இருந்தா, 32யூ, அதில செப்புக் கோடு இல்லை, தங்கக் கலர்ல ஒரு சின்ன வட்டக் கனெக்டர் மட்டும் இருக்கும், அன்டெனா மாட்டாட்டி அது கிட்டத்தட்ட செவிடு. மூண்டாவது வகை ரெண்டும் இருக்கிறது. நானா எனக்குத் தந்த ஈஎஸ்பி32-கேம் அப்பிடித்தான். கமரா எனக்குத் தேவையே இல்லை, ஆனா வட்டக் கனெக்டர் இருந்ததால வாங்கினன்.

அன்டெனாவை வீட்ட கொண்டுவந்து கனெக்டர்ல டிக் எண்டு அமத்தி மாட்டி, அளந்தா மைனஸ் 79. கழட்டிட்டு அளந்தா? மைனஸ் 79. ஒரு டிபி கூட மாறேல்லை. அப்பதான் மண்டையில உறைச்சுது, நான் மாட்டின அன்டெனாவுக்கும் சிப்புக்கும் தொடர்பே இல்லை.

விசயம் இதுதான். கனெக்டருக்குப் பக்கத்தில மூண்டு சின்னப் பட்டை இருக்கு, நடுப் பட்டை சிப்ல இருந்து வாறது, ஒரு பக்கம் செப்புக் கோட்டுக்கும் மற்றப் பக்கம் கனெக்டருக்கும் போகுது, எள்ளு அளவில ஒரு பூச்சிய ஓம் ரெசிஸ்டர் ரெண்டில ஒண்டை மட்டும் தொடுத்து வச்சிருக்கு. கடையில வாறது பெரும்பாலும் செப்புக் கோட்டுப் பக்கம்தான். கனெக்டர் சும்மா வடிவுக்கு. அந்த எள்ளைக் கழட்டி மற்றப் பக்கம் ஒட்டோணும். நான் மெல்லிய முனை சொல்டரிங் அயனும் கொஞ்சம் ஃபிளக்ஸும் வச்சு, ரெண்டு முனையையும் மாறி மாறிச் சூடாக்கிக் கழட்டினன், கழண்டது அயன் முனையில ஒட்டிக்கொண்டு வந்து கையை உதற எங்கயோ போயிட்டுது. பரவாயில்லை, பூச்சிய ஓம் எண்டா வெறும் பாலம்தானே, நடுப் பட்டைக்கும் கனெக்டர் பட்டைக்கும் இடையில ஒரு துளி ஈயம் விட்டாக் காணும். ஆனா மூண்டு பட்டையும் ஒண்டாச் சேரக் கூடாது, சேர்ந்தா சிக்னல் ரெண்டு பக்கமும் பிரிஞ்சு ரெண்டுமே ஒழுங்கா வேலை செய்யாது. லென்ஸ் வச்சு வடிவாப் பாருங்கோ, ஃபோன் கமராவைப் பெருசாக்கிப் பாத்தாலும் சரி.

மல்டிமீட்டர் வச்சு செக் பண்ற ஆக்களுக்கு ஒண்டு: செப்புக் கோட்டு அன்டெனாவைக் கிரவுண்டோட வச்சுப் பாத்தா ஷோர்ட் எண்டு பீப் அடிக்கும், பயப்பிடாதேங்கோ, அந்த வகை அன்டெனாவே ஒரு கால் கிரவுண்டில நிக்கிற மாதிரித்தான் செய்யப்பட்டிருக்கு. வைஃபை ஓடுற 2.4 கிகாஹெர்ட்ஸ்க்கு அது ஷோர்ட் இல்லை.

பாலத்தை மாத்தினதும் மைனஸ் 79 மைனஸ் 71 ஆச்சுது. எட்டு டிபி. ஒரு துளி ஈயத்தால.

எல்லாப் போர்ட்டிலயும் ரெசிஸ்டர் இருக்காது. சியாவோ ஈஎஸ்பி32சி6 எண்ட சின்னப் போர்ட்ல ரெசிஸ்டருக்குப் பதிலா சிக்னலை மாத்திவிடுற ஆர்எஃப் சுவிட்ச் ஒண்டு இருக்கு, கோட்லதான் மாத்தோணும்: ஜிபிஐஓ 3 எண்ட சிப் காலை லோ ஆக்கி சுவிட்ச்சை உயிர்ப்பிச்சுட்டு ஜிபிஐஓ 14ஐ ஹை ஆக்கினாத்தான் வெளி அன்டெனா. அதே குடும்பத்து சி3ல உள் அன்டெனாவே கிடையாது, பைக்குள்ள வாற அந்தச் சின்ன ஒட்டு அன்டெனாவை "இது என்ன ஸ்டிக்கரா" எண்டு எறிஞ்சவரை எனக்குத் தெரியும்.

இன்னொண்டு, கனெக்டர்ர சைஸ். ஈஎஸ்பி32-வ்ரூம்-32யூக்கு யூ.எஃப்.எல் எண்ட சாதாரண சைஸ் பொருந்தும். ஈஎஸ்பி32-எஸ்3-வ்ரூம்-1யூ அதைவிடச் சின்னது, டபிள்யூ.எஃப்.எல் வகை. கடையில பாக்க ரெண்டும் ஒண்டு மாதிரி இருக்கும். போகேல்லை எண்டு பல்லைக் கடிச்சு அமத்தினா மொடியூல்ல இருந்து கனெக்டரே பேந்து வந்திடும். இந்தக் கனெக்டர்கள் ஒரு 30 தரம் மாட்டிக் கழட்டுறதுக்குத்தான் கணக்குப் பண்ணிச் செய்யப்பட்டது, சும்மா சும்மா கழட்டி விளையாடாதேங்கோ. கழட்டேக்கயும் கேபிளைப் பிடிச்சு இழுக்காம தலையை நேரா மேல நெம்புங்கோ.

"ஸ்குரூ பண்ணினா வடிவா இறுகுது, சிக்னல் மட்டும் இல்லை"

வெளி அன்டெனாவை ஸ்குரூ பண்ணி மாட்டுற கனெக்டர்ல எஸ்எம்ஏ, ஆர்பி-எஸ்எம்ஏ எண்டு ரெண்டு வகை இருக்கு. பிரச்சினை என்னெண்டா, மொடியூல்ல இருந்து வாற கேபிள்ர நுனியில எஸ்எம்ஏ, அன்டெனாவில ஆர்பி-எஸ்எம்ஏ. பழைய ரவுட்டர்ல இருந்து கழட்டின அன்டெனா எண்டா அது பெரும்பாலும் ஆர்பி. நூல் ரெண்டும் ஒண்டுதான், அதால வடிவா இறுகும், ஆனா நடுவில ரெண்டு பக்கமும் ஓட்டை, ஊசி இல்லை. ஒண்டும் தொடாது. இறுக்க முதல் உள்ள எட்டிப் பாருங்கோ, ஒண்டில ஊசி, மற்றதில ஓட்டை இருக்கோணும், அவ்வளவுதான்.

"மேசையில நல்லா இருந்துது, பெட்டிக்குள்ள போட்டதும் செத்துப் போச்சு"

இங்க அன்டெனாவில பிழை இல்லை, அன்டெனாவுக்குப் பக்கத்தில என்ன இருக்கு எண்டதிலதான். செப்புக் கோட்டு அன்டெனாவுக்குச் சுத்திவர ஒரு 15 மி.மீ. இடம் வெறுமையா விடச்சொல்லி ஈஎஸ்பி சிப் செய்யிற எஸ்ப்ரெசிஃப் கம்பனியின்ர வடிவமைப்புக் கையேட்டிலயே இருக்கு. அந்த இடத்துக்குள்ள பெட்டரி, ஸ்குரூ, டிஸ்ப்ளேயின்ர தகர விளிம்பு, போர்ட்ர கிரவுண்ட் செப்பு ஒண்டுமே வரக்கூடாது. நீங்களே பிசிபி (சாமான்களைப் பற்ற வைக்கிற செப்புப் பலகை) கீறிறீங்கள் எண்டா மொடியூல்ர அன்டெனாப் பக்கம் போர்ட்ர விளிம்புக்கு வெளிய நீட்டிக்கொண்டு நிக்கிறதுதான் நல்லது, அது ஏலாட்டி அதுக்குக் கீழ எல்லா லேயர்லயும் செப்பை வெட்டி விடுங்கோ. பற்ற வைக்காமக் குத்திப் பாக்கிற ஓட்டைப் பலகை, பிரெட்போர்டும் ஒரு கள்ளன். உள்ளுக்குள்ள வரிசை வரிசையா உலோகக் கீலம் இருக்கு, அதுக்கு மேல அன்டெனா படுத்திருந்தா எப்பிடி இருக்கும்? போர்ட்டை ஓரத்துக்குத் தள்ளி அன்டெனா வெளிய நிக்கிற மாதிரிக் குத்துங்கோ, காசில்லாத வைத்தியம்.

இரும்புப் பெட்டி, அலுமினியப் பெட்டி எண்டா கதைக்கவே தேவையில்லை, உள்ள இருக்கிற அன்டெனாவால ஒண்டும் ஏலாது. இந்த ஒரு கேஸ்லதான் நான் கண்ணை மூடிக்கொண்டு வெளி அன்டெனா எண்டு சொல்லுவன், பெட்டியில ஓட்டை போட்டு எஸ்எம்ஏயை வெளிய எடுங்கோ. கேபிளைக் கட்டையா வையுங்கோ. அந்த 1.13 மி.மீ. மெல்லிய கேபிள் 2.4 கிகாஹெர்ட்ஸ்ல ஒரு மீட்டருக்கு 3 டிபிக்கு மேல திண்டிடும், "தூரத்தில வைப்பம்" எண்டு ரெண்டு மீட்டர் வாங்கினா அன்டெனா தாற லாபம் முழுக்கக் கேபிளுக்கே போயிடும்.

பிளாஸ்டிக் பெட்டியும் முழு அப்பாவி இல்லை. அன்டெனாவோட ஒட்டிக்கொண்டு பிளாஸ்டிக்கோ, தண்ணி புகாம ஊத்தின எபொக்சியோ இருந்தா அன்டெனா ஒத்திசையிற அலைவரிசை கீழ சறுக்கும். அஞ்சு மி.மீ. காத்து இடைவெளி விட்டாலே நல்ல மாற்றம் தெரியும்.

சரி, என்ர தாங்கிக்கு வாறன். பெட்டி பிளாஸ்டிக்தான், உள்ள இடைவெளியும் இருந்துது, பாலமும் மாத்தியாச்சு, வெறும் தாங்கியில மைனஸ் 71. மோட்டர் போட்டு நிறைய விட்டுட்டு பக்கத்தில லப்டொப்போட குந்தியிருந்தன், வெயில் மண்டையைப் பிளக்குது. தண்ணி பெட்டியின்ர உயரத்துக்கு வந்ததும் 76, 80, 84, பேந்து கனெக்ஷனே இல்லை. நான் பெட்டியைத் தாங்கியின்ர பக்கத்தில டேப் போட்டு ஒட்டியிருந்தன், வெளி அன்டெனாவும் தாங்கிச் சுவரோட முதுகை ஒட்டிக்கொண்டு நிண்டுது. ஆயிரம் லீட்டர் தண்ணி ஒரு சாண் தூரத்தில கூட இல்லை, அந்தப் பிளாஸ்டிக் சுவர் தடிப்பு மட்டும்தான் இடைவெளி. தண்ணி 2.4 கிகாஹெர்ட்ஸை உறிஞ்சும், உறிஞ்சுறதோட நிக்காம பக்கத்தில நிக்கிற அன்டெனாவின்ர டியூனிங்கையும் குழப்பும். அன்டெனா எவ்வளவு பெருசு எண்டாலும் இதுக்கு மருந்தில்லை.

"9 டிபிஐ எண்டு போட்ட நீட்டு அன்டெனா வாங்கினன், முதல் இருந்ததைவிட மோசம்"

அதையும் நான் வாங்கினன், சொல்ல வெக்கமா இருக்கு. அன்டெனா சக்தியை உண்டாக்கிறதில்லை, இருக்கிற சக்தியை ஒரு பக்கமாத் தள்ளிவிடும், எவ்வளவு தள்ளுது எண்ட அளவுதான் டிபிஐ. நிமித்தி வச்ச நீட்டு அன்டெனாவின்ர சக்தி உளுந்து வடை மாதிரிச் சுத்திவரப் போகும், மேலயும் கீழயும் ஒண்டுமில்லை, வடையின்ர ஓட்டை. டிபிஐ கூடக் கூட வடை தட்டையாகும். என்ர ரவுட்டர் எங்க இருக்கு? தாங்கிக்கு நேர கீழ, ரெண்டு மாடி தள்ளி. ஓட்டைக்குள்ள பிடிச்சுக் குத்தி வச்சிட்டு சிக்னல் வரேல்லை எண்டு அழுதுகொண்டு நிண்டிருக்கிறன். வயல் மாதிரி ஒரே மட்டத்தில தூரம் வேணுமெண்டா அது நல்லம், தொடர்மாடியில மேல கீழ எண்டா சின்ன அன்டெனா போதும், அதையும் படுக்க வச்சுப் பாருங்கோ, ரவுட்டர்ர அன்டெனாவில ஒண்டையும் அதே பக்கமாப் படுக்க விடுங்கோ. கடையில அந்தச் சின்ன அன்டெனாவுக்கு "9 டிபிஐ" எண்டு ஒட்டியிருந்தா நம்பாதேங்கோ, விரல் நீளத்தில 9 வராது.

"கையால தொட்டா வேலை செய்யுது, விட்டா போகுது"

ஈஎஸ்பி32-சி3 சூப்பர்மினி எண்டு மலிவா வாற பெருவிரல் அளவுப் போர்ட்ல இது அடிக்கடி வாற முறைப்பாடு. அதில உள்ளது சிப் அன்டெனா, அரிசி மாதிரி ஒரு செராமிக் கட்டி. சில போர்ட்டுகள்ல அதைச் சுத்தி வேண்டிய இடம் விடாம மற்றச் சாமான்களோட நெருக்கி வச்சிருக்கிறாங்கள். ரெண்டு வழி இருக்கு. லேசானது, கோட்ல அனுப்புற சக்தியை 8.5 டிபிஎம்முக்குக் குறைக்கிறது. குறைச்சா எப்பிடிக் கூட வேலை செய்யும் எண்டு கேப்பீங்கள், பொருந்தாத அன்டெனாவுக்குள்ள முழுச் சக்தியைத் தள்ளினா ஒரு பகுதி திரும்பி வந்து போர்ட்டையே குழப்புது, குறைச்சா குழப்பம் குறையும், கன பேருக்கு இது கை குடுத்திருக்கு. மற்றது, அந்த அரிசியின்ர சிப்புப் பக்க நுனியில 31 மி.மீ. நேர் வயர் ஒண்டைப் பற்ற வைக்கிறது. ஏன் 31? 2.4 கிகாஹெர்ட்ஸ்ல அலைநீளம் 12 செ.மீ. சொச்சம், அதில கால்வாசி. வடிவில்லை, ஆனா வேலை செய்யும். கடைசி மி.மீ.யை வெட்டி வெட்டி ஆர்எஸ்எஸ்ஐ பாத்து நிப்பாட்டுங்கோ.

இதே கணக்கு 433 மெகாஹெர்ட்ஸ் மொடியூலுக்கு 17.3 செ.மீ., 868க்கு 8.6 செ.மீ. இந்த அலைவரிசைகள்ல கன தூரம் அனுப்புற லோரா மொடியூலுக்கு வைஃபை அன்டெனாவை மாட்டிட்டு ரேஞ்ச் இல்லை எண்டு சொல்றவைக்கு மறுமொழி இதுதான்.

"ரவுட்டருக்குப் பக்கத்திலயே வச்சாலும் கனெக்ட் ஆகேக்க ரீஸ்டார்ட் ஆகுது"

அன்டெனாவை விடுங்கோ, இது கரண்ட். ஈஎஸ்பி32 சிக்னல் அனுப்புற அந்த நொடியில 240 மில்லி அம்பியர் மட்டில இழுக்கும், குறைஞ்சது 500 குடுக்கக்கூடிய சப்ளை வேணும். மெல்லிய யூஎஸ்பி கேபிள், ஃபோனோட வந்த பழைய சார்ஜர், இதுகள்ல வோல்டேஜ் விழும், சீரியல்ல "பிரவுன்அவுட்" எண்டு வரும். கேபிளை மாத்திப் பாருங்கோ, 3.3 வோல்ட் லைன்ல ஒரு 470 மைக்ரோஃபாரட் கெப்பசிட்டர் போடுங்கோ. ரவுட்டர்ர பேரே ஸ்கேன்ல வரேல்லை, மற்ற வீட்டு வைஃபை எல்லாம் வருது எண்டாலும் அன்டெனா இல்லை: ரவுட்டர் 5 கிகாஹெர்ட்ஸ்ல மட்டும் நிக்குதோ, இல்லாட்டி 12, 13ம் சனல்ல நிக்குதோ எண்டு பாத்து 1, 6, 11ல ஒண்டுக்கு மாத்துங்கோ.

"ஒரு வருசம் நல்லா இருந்துது, மெல்ல மெல்ல மங்கிப் போச்சு"

மரைன் டிரைவ் பக்கம் இருக்கிற ஆக்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை, ஜன்னல் கம்பியைப் பாத்தாலே விளங்கும். உப்புக் காத்து எஸ்எம்ஏ மூட்டுக்குள்ள புகுந்து பச்சை பிடிக்கும். கழட்டி ஐசோபுரொப்பைல் அல்ககோலால துடைச்சுப் பாருங்கோ, நம்பர் ஏறினா அதுதான். திரும்ப மாட்டினாப் பிறகு மூட்டை சுயமா ஒட்டுற ரப்பர் டேப்பால கீழ இருந்து மேல சுத்துங்கோ, மேல இருந்து கீழ சுத்தினா மடிப்புக்குள்ள மழைத் தண்ணி இறங்கும். மூட்டு இல்லாட்டி துருவும் இல்லை, அதாலதான் மொட்டை மாடி வேலைக்கு, இரும்புப் பெட்டி இல்லாத வரைக்கும், பெட்டிக்குள்ளயே அடங்குற செப்புக் கோட்டு அன்டெனாவை நான் விரும்புறன்.

என்ர தாங்கியில இப்ப இருக்கிறதும் அதுதான். ஈஎஸ்பி32-கேமையும் ரெண்டு அன்டெனாவையும் கழட்டிட்டு முதல் முதல் வாங்கின சாதாரண போர்ட்டையே திரும்பப் போட்டன், ஆனா தாங்கியில ஒட்டேல்லை. அரை மீட்டர் பிவிசி பைப்பைக் கைப்பிடிச் சுவர்ல கிளிப் பண்ணி, அது நுனியில பெட்டி, அன்டெனாப் பக்கம் படிக்கட்டுக் கதவைப் பாத்தபடி, ஏனெண்டா ரவுட்டருக்குப் போற சிக்னலுக்கு அந்தக் கதவுதான் ஒரே கொங்கிரீட் இல்லாத வழி. காலியா இருந்தா மைனஸ் 68, நிறைஞ்சா மைனஸ் 70. அந்த 9 டிபிஐ அன்டெனா ஆருக்கும் வேணுமெண்டா சும்மா தாறன்.